ஐபி முகவரி: தானாக வர விடுவதா, கையால் போடுவதா, ரவுட்டரில் ஒதுக்குவதா?

வெள்ளவத்தையில் மருந்துக்கடை நடத்தும் ஒருவர் சில மாதங்களாகக் காலை எட்டரை மணிக்கு எனக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தார். "தம்பி, பில் பிரிண்டர் திரும்பவும் காணாமல் போயிட்டுது." பிரிண்டர் மேசையில்தான் இருக்கும், விளக்கும் எரியும். பில் போடும் கணினிக்கு மட்டும் அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. பம்பலப்பிட்டியில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேறு மாதிரிப் பிரச்சினை: ரவுட்டரை மாற்றிய அன்று பதினொரு கணினிகளில் ஒன்பதுக்கு இன்டர்நெட் இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு டியூஷன் வகுப்பில் பின்னேரம் வரும் பிள்ளைகளின் போன் எதுவும் வைஃபையில் ஏறவில்லை.

மூன்று இடத்திலும் கடைசியில் கேட்ட கேள்வி ஒன்றுதான். வலையமைப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் இருக்கும் வாசல் எண்ணுக்குத்தான் ஐபி முகவரி என்று பெயர். அதைத் தானாக வர விடுவதா, கையால் போட்டு நிறுத்துவதா? மூன்றாவதாக, ரவுட்டரிலேயே ஒதுக்கி வைக்கும் வழியும் இருக்கிறது. அது இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். கணினிகள் எல்லாவற்றையும் தானாக எடுக்க விடுங்கள். மற்றவை தேடி வரும் பொருட்களுக்கு மட்டும் நிலையான முகவரி கொடுங்கள். அதையும் அந்தப் பொருளில் போடாமல் ரவுட்டரில் போடுங்கள். இதற்கு விலக்கான இடங்களும் உண்டு, அவற்றையும் கீழே சொல்கிறேன்.

## தானாக வரும்போது என்ன நடக்கிறது

கணினியைப் போட்டதும் அதற்கு முகவரி கிடையாது. ஆகவே வலையமைப்பில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கிறது: முகவரி தருகிறவர் யாராவது இருக்கிறீர்களா? ரவுட்டர் ஒரு முகவரியை நீட்டுகிறது. கணினி அதையே கேட்டு வாங்குகிறது. ரவுட்டர் சரி என்று உறுதிப்படுத்துகிறது. நாலே நாலு செய்திகள், வழக்கமாக ஓரிரு செக்கனில் முடிந்துவிடும். முகவரியோடு சப்நெட் மாஸ்க் (எந்த எண்கள் உள்வலையமைப்புக்குரியவை என்று சொல்வது), கேட்வே (வெளியே போகும் வாசல், இங்கே ரவுட்டரின் முகவரி), டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருவது) மூன்றும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. இந்த முறைக்குப் பெயர் டிஎச்சிபி. 1993இல் முதலில் வரையறுத்தார்கள். இன்று நம் வீடுகளில் ஓடுவதற்கு அடிப்படை 1997 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 2131 என்ற இணைய விதி ஆவணம்.

கிடைக்கும் முகவரி சொந்தமல்ல, குத்தகை. அதற்கு ஒரு காலம் உண்டு: சில ரவுட்டர்களில் 2 மணி நேரம், சிலவற்றில் 24 மணி நேரம். குத்தகை முடிந்ததும் இன்டர்நெட் அறுந்துவிடுமோ என்று கேட்கிறார்கள். அறாது. காலம் பாதி கடந்ததுமே கணினி ரவுட்டரிடம் போய்ப் புதுப்பித்துக்கொள்கிறது. ரவுட்டர் பதில் சொல்லாவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்கிறது. ஒழுங்காக ஓடும் வீட்டில் இதெல்லாம் நடப்பதே உங்களுக்குத் தெரியாது.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

இதை யாராவது தேடி வருகிறார்களா? முதல் கேள்வியும் பெரிய கேள்வியும் இதுதான். உங்கள் லெப்டொப் மின்னஞ்சல் எடுக்கிறது, வங்கித் தளத்துக்குப் போகிறது, படம் பார்க்கிறது. எல்லாம் அதுவாக வெளியே போகிற வேலை. அதன் முகவரியின் கடைசி எண் இன்றைக்கு 23, நாளைக்கு 41 என்று மாறினால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் பிரிண்டரையும், கமராக்களின் பதிவுப் பெட்டியையும், கணக்கு மென்பொருளின் தரவு இருக்கும் கணினியையும் மற்றவை தேடிக்கொண்டு வருகின்றன. வாடிக்கையாளர் வீடு மாறினால் கடைக்கு ஒன்றும் ஆகாது. கடை மாறினால்தான் ஆட்கள் பழைய வாசலில் வந்து நிற்பார்கள்.

அது ஓரிடத்தில் இருக்கிறதா, பையில் போகிறதா? வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய் வரும் லெப்டொப்பில் முகவரியைக் கையால் போட்டால், இரண்டில் ஓரிடத்தில் அது வேலை செய்யாது.

எத்தனை பேர், எத்தனை முகவரி? ஒரு சாதாரண வீட்டு வலையமைப்பில் 254 முகவரிகள்தான் இருக்கின்றன. தானாகக் கொடுப்பதற்கு ரவுட்டர் ஒதுக்கி வைத்திருப்பது அதைவிடக் குறைவாக இருக்கலாம். 100 முதல் 199 வரை என்று வரும் ரவுட்டர்கள் நிறைய.

நீங்கள் இல்லாத நாளில் யார் பார்ப்பார்? இதை யாரும் கேட்பதில்லை. நான் முக்கியமாகக் கேட்பது இதைத்தான். அமைத்தவர் வெளிநாடு போய்விட்ட அலுவலகங்கள் கொழும்பில் எத்தனையோ.

ரவுட்டருக்குள் நுழைய முடியுமா? நிறுவனம் பொருத்திவிட்டுப் போன ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கிறதா? சிலவற்றில் அது அடியில் ஒட்டியிருக்கும். அதை வைத்து நுழைந்தாலும் எல்லாப் பக்கங்களும் திறக்காத ரவுட்டர்களும் உண்டு.

கரண்ட் போய் வந்தால்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். அந்த நாட்களில் ஒழுங்காக ஓடிய வலையமைப்புகள்கூடக் குழம்பியதைப் பார்த்தேன். விலை குறைந்த ரவுட்டர்கள் பல, யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பட்டியலைத் தற்காலிக நினைவில்தான் வைத்திருக்கின்றன. அணைந்து எழும்பினால் பட்டியல் வெறுமை. அநேகமாக அதே முகவரிதான் திரும்பக் கிடைக்கும், ஆனால் கட்டாயம் இல்லை. மூன்று மாதம் நன்றாக ஓடிய பிரிண்டர் நாலாம் மாதம் ஒரு நாள் காணாமல் போவதற்கு இந்த "கட்டாயம் இல்லை" போதும்.

## வழி ஒன்று: முழுக்கத் தானாக

புதிதாக வாங்கும் எந்தக் கணினியும் இந்த நிலையில்தான் வருகிறது. வீட்டில் ஐந்தாறு போன், இரண்டு லெப்டொப், ஒரு டிவி என்றால் இதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். ரவுட்டரை மாற்றினாலும், நிறுவனத்தையே மாற்றினாலும் கணினியில் நீங்கள் எதையும் தொட வேண்டியதில்லை. வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதும்.

இதற்கு மறைந்த செலவு இரண்டு உண்டு.

ஒன்று, முகவரி தீர்ந்துபோவது. கொட்டாஞ்சேனை வகுப்பில் நடந்தது இதுதான். ரவுட்டரில் 100 முகவரி, குத்தகை 24 மணி நேரம். காலை வகுப்பில் 45 பிள்ளைகள், மதியம் 45, பின்னேரம் 45. காலையில் வந்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினாலும் அவர்களின் முகவரி அடுத்த நாள் காலைவரை அவர்கள் பெயரிலேயே கிடக்கிறது. மூன்றாவது வகுப்பில் பத்துப் பேருக்குத்தான் மிச்சம். ஆசிரியர் புது ரவுட்டர் வாங்குவதற்கு யூனிட்டி பிளாசாவுக்குப் போகப் புறப்பட்டிருந்தார். குத்தகைக் காலத்தை 2 மணி நேரமாகக் குறைத்து, எல்லையை 50 முதல் 250 வரை விரித்தோம். ஒரு ரூபா செலவில்லை.

மற்றது, ஒரே வலையமைப்பில் முகவரி கொடுப்பவர் இருவர் ஆகிவிடுவது. கொழும்பு மாடி வீடுகளில் இதை அடிக்கடி காண்கிறேன். ஃபைபர் ரவுட்டர் ஹோலில் இருக்கும், பின் அறைக்கு சிக்னல் வராது. வீட்டில் கிடந்த பழைய ரவுட்டர் ஒன்றை அல்லது புறக்கோட்டையில் வாங்கியதைக் கேபிள் இழுத்துப் பின் அறையில் பொருத்துகிறார்கள். அதுவும் தன் பங்குக்கு முகவரி கொடுக்கத் தொடங்கும். கணினி போட்ட குரலுக்கு எது முதலில் பதில் சொல்கிறதோ அதைக் கணினி எடுத்துக்கொள்ளும். தவறான கேட்வே கிடைத்த லெப்டொப்பில் வைஃபை முழுதாகக் காட்டும், ஒரு பக்கமும் திறக்காது. இன்டர்நெட் நிறுவனத்தைப் பேசுவதற்கு முன்னால் இரண்டாவது ரவுட்டரில் டிஎச்சிபி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அணைத்துவிட்டு, அதற்கு முதல் ரவுட்டரோடு மோதாத ஒரு முகவரியும் கொடுத்து, லான் (LAN) என்று எழுதிய சாதாரணத் துளையில் கேபிளைக் குத்தினால் அது வெறும் வைஃபை விரிப்பானாக அடக்கமாக வேலை செய்யும்.

## வழி இரண்டு: கணினியில் கையால் போடுவது

பழைய ஆட்கள் இதைத்தான் விரும்புவார்கள், எனக்கும் ஒரு காலம் இதுவே பழக்கம். நாலு பெட்டிகளை நிரப்ப வேண்டும்: முகவரி, மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ். நிரப்பியதும் அது அசையாது. ரவுட்டர் மறந்தாலும் கணினி மறக்காது.

மருந்துக்கடையில் இருந்ததும் இதுதான். யாரோ முன்பு வந்து பில் பிரிண்டருக்கு 192.168.1.5 என்று கையால் போட்டிருந்தார். ரவுட்டரோ 192.168.1.2 முதல் 254 வரை எல்லாவற்றையும் தன் கைச் சரக்காக நினைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. இரவு கடை பூட்டும்போது பிரிண்டரை அணைப்பார்கள். காலையில் வேலைக்கு வருகிறவர்களின் போன்கள் முதலில் ஏறும். ரவுட்டரின் கணக்கில் 5 காலி. அதைக் கேட்டுப் பார்த்தாலும் அணைந்த பிரிண்டர் பதில் சொல்லாது. ஆகவே அந்த எண் ஒரு போனுக்குப் போய்விடும். பிறகு பிரிண்டரைப் போட்டால் ஒரே வாசல் எண்ணில் இரண்டு பேர். எல்லா நாளும் இப்படி ஆகாது; எண் யாருக்கு விழுகிறது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் யாராலும் காரணத்தைப் பிடிக்க முடியவில்லை. பிரிண்டரில் பிழை என்று நினைத்து ஒரு முறை புதிதே வாங்கியிருக்கிறார்கள்.

கையால் போடுகிறவர்கள் மறந்துவிடும் விதி இது: கையால் போடும் எண், ரவுட்டர் தானாகக் கொடுக்கும் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும். ரவுட்டரை 100 முதல் 199 வரை என்று சுருக்கிவிட்டு, 2 முதல் 50 வரை உங்களுக்கென்று வைத்துக்கொண்டால் மோதல் வராது.

மற்றச் செலவு பம்பலப்பிட்டி அலுவலகத்தில் தெரிந்தது. பழைய ரவுட்டரின் முகவரி 192.168.1.1. ஃபைபரை விட்டு 4ஜி ரவுட்டருக்கு மாறினார்கள். பல 4ஜி ரவுட்டர்கள் பெட்டியிலிருந்து வரும்போதே 192.168.8.1 என்ற முகவரியோடு வருகின்றன. ஒன்பது கணினிகள் இல்லாத பழைய வாசலைத் தட்டிக்கொண்டே இருந்தன. அமைத்த பையன் கனடாவில். எழுதி வைத்தது ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றாக இருந்து, எது எந்த எண், ஏன் அந்த எண் என்று பார்த்து முடிக்க ஒரு சனிக்கிழமை முழுவதும் போனது. அந்த ஒன்பதில் எட்டை யாரும் தேடி வருவதே இல்லை. கையால் போட்டதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. தானாக எடுத்துக்கொண்டிருந்த மற்ற இரண்டும் அன்று காலையிலிருந்தே நன்றாக ஓடின.

எழுத்துப் பிழையும் உண்டு. கேட்வேயில் ஒரு இலக்கம் மாறினால் பிரிண்டர் வேலை செய்யும், இன்டர்நெட் வராது. டிஎன்எஸ் பெட்டியை வெறுமையாக விட்டால் வாட்ஸ்அப் ஓடும்போலத் தெரியும், இணையத்தளங்கள் திறக்கா. பார்க்கிறவருக்குத் தலை சுற்றும்.

சரி, இது எங்கே நல்லது? முதலாவது, ரவுட்டர் செத்தாலும் வேலை நடக்க வேண்டிய கடை. பில் கணினியும் பிரிண்டரும் ஒரு தனி நெட்வொர்க் ஸ்விட்சில் (கேபிள்களை ஒன்றுசேர்க்கும் சின்னப் பெட்டி) குத்தியிருக்கின்றன என்று வையுங்கள். ரவுட்டர் கருகிவிட்டது. தானாக முகவரி எடுக்கும் விண்டோஸ் கணினியை அந்த நேரத்தில் அணைத்துப் போட்டால் அது ரவுட்டரைத் தேடும். கேட்வேயும் பதில் சொல்லாவிட்டால் தனக்குத்தானே வேறொரு முகவரியைப் போட்டுக்கொள்ளும். பில் நின்றுவிடும். இரண்டிலும் கையால் போட்டிருந்தால் ரவுட்டர் இருக்கிறதோ இல்லையோ பில் ஓடும். சனநெரிசலான பண்டிகை நாட்களில் செட்டியார் தெரு நகைக்கடைக்கு அது சின்ன விஷயமல்ல. இரண்டாவது, ரவுட்டருக்குள் உங்களால் நுழையவே முடியாத இடம். மூன்றாவது, ரவுட்டரும் கூடுதல் வைஃபை பெட்டிகளும். முகவரி கொடுக்கிறவருக்கு முகவரி நிலையாக இருந்தாக வேண்டும்.

## வழி மூன்று: ரவுட்டரில் ஒதுக்கி வைப்பது

கணினியும் பிரிண்டரும் தானாக எடுக்கும் நிலையிலேயே இருக்கும். ரவுட்டரிடம் மட்டும் "இந்த பிரிண்டர் வந்து கேட்டால் எப்போதும் 192.168.1.20ஐயே கொடு, வேறு யாருக்கும் அதைக் கொடுக்காதே" என்று சொல்லி வைக்கிறீர்கள். ஆளை அடையாளம் காண ரவுட்டர் பயன்படுத்துவது மேக் முகவரி. ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் செய்த இடத்திலேயே பதித்த 12 இலக்க எண் அது. 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் கலந்து வரும். ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில், இணைந்திருப்பவர் பட்டியலில் அதைக் காணலாம். பல ரவுட்டர்களில் பட்டியலில் தொட்டே ஒதுக்கலாம். இதன் பெயர் ரவுட்டருக்கு ரவுட்டர் மாறும்: அட்ரஸ் ரிசர்வேஷன், ஸ்டாட்டிக் லீஸ், டிஎச்சிபி பைண்டிங் என்று எதுவாகவும் இருக்கும்.

எனக்கு இந்த வழி பிடிப்பதற்குக் காரணம், எல்லாம் ஒரே பக்கத்தில் தெரிகிறது. யாருக்கு எந்த எண் என்று அறிய பதினொரு கணினியையும் திறக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் முதலாளிக்கு அனுப்பிவிட்டால், நான் இல்லாத நாளிலும் அடுத்து வருகிறவருக்கு வழி தெரியும். இந்த ஒதுக்கல் ரவுட்டரின் நிலையான நினைவில் எழுதப்படுவதால் கரண்ட் போய் வந்தாலும் அழியாது.

இதற்கும் செலவு உண்டு. ரவுட்டரை ரீசெட் பண்ணினாலோ மாற்றினாலோ பட்டியல் போய்விடும். திரும்பவும் எழுத வேண்டும். ஆனால் அதற்குள் இன்டர்நெட் யாருக்கும் நிற்காது, தேடி வரப்படும் இரண்டு மூன்று பொருட்கள் மட்டும் எண் மாறும். கையால் போட்டதோடு ஒப்பிட்டால் சேதம் மிகக் குறைவு.

அடுத்தது மேக் முகவரி பற்றியது. ஒரு லெப்டொப்பில் கேபிளுக்கு ஒரு மேக், வைஃபைக்கு வேறொரு மேக். பிரிண்டரிலும் அப்படித்தான். கேபிளுக்குரிய எண்ணை ஒதுக்கிவிட்டு பிரிண்டரை வைஃபையில் இணைத்தால் ஒதுக்கியது வேலை செய்யாது. போன்களில் இன்னொன்று: அண்ட்ரொயிட் 10 இலிருந்தும் ஐஓஎஸ் 14 இலிருந்தும் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரிக்குப் பதிலாக ஒரு போலி எண்ணைக் காட்டுகின்றன. தனியுரிமைக்கு அது நல்லது. போனுக்கு முகவரி ஒதுக்க வேண்டிய தேவை வந்தால் மட்டும், உங்கள் சொந்த வைஃபைக்கு அந்த வசதியை அணைத்துவிட்டு ஒதுக்குங்கள்.

ஒதுக்கிய உடனே எண் மாறாது. பொருளை ஒரு முறை அணைத்துப் போட்டால்தான் புது எண்ணுக்கு வரும்.

## ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | முழுக்கத் தானாக | கையால் போடுவது | ரவுட்டரில் ஒதுக்குவது |
|---|---|---|---|
| அமைக்கும் வேலை | இல்லை | ஒவ்வொரு பொருளிலும் | ரவுட்டரில் ஒரே இடத்தில் |
| எண் மாறுமா | மாறலாம் | மாறாது | மாறாது |
| இரண்டு பேருக்கு ஒரே எண் விழும் ஆபத்து | மிகக் குறைவு | எல்லையைக் கவனிக்காவிட்டால் அதிகம் | மிகக் குறைவு |
| ரவுட்டரை மாற்றினால் | ஒன்றும் செய்ய வேண்டாம் | எல்லாவற்றையும் திருத்த நேரலாம் | ஒதுக்கியவற்றை மட்டும் திரும்ப எழுத வேண்டும் |
| ரவுட்டர் செத்த நேரம் | உள்வேலையும் நிற்கலாம் | உள்வேலை ஓடும் | உள்வேலையும் நிற்கலாம் |
| பையில் போகும் லெப்டொப் | மிகப் பொருத்தம் | வேண்டாம் | பொருத்தம் |
| ரவுட்டர் கடவுச்சொல் | தேவையில்லை | எல்லையைப் பார்க்கத் தேவை | கட்டாயம் தேவை |

## இடையில் உள்ள வழிகள்

டிஎன்எஸ்ஸை மட்டும் கையால் போட வேண்டும் என்பதற்காகச் சிலர் முகவரியையும் கையால் போட்டுவிடுகிறார்கள். அவசியமில்லை. முகவரி தானாக வரட்டும், டிஎன்எஸ்ஸை மட்டும் 1.1.1.1 என்றோ 8.8.8.8 என்றோ போடலாம். விண்டோஸில் இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு.

தொழிற்சாலையில் அல்லது ஒரு இயந்திரத்தோடு நேராகப் பேசுவதற்கு லெப்டொப்பில் குறிப்பிட்ட எண் தேவைப்படுகிறவர்களுக்கு விண்டோஸின் பழைய அடப்டர் பக்கத்தில் ஒல்டர்னேட் கன்ஃபிகரேஷன் என்றொரு தட்டு இருக்கிறது. முகவரி கொடுப்பவர் இருந்தால் தானாக எடுக்கும், இல்லாவிட்டால் நீங்கள் எழுதி வைத்த எண்ணைப் போட்டுக்கொள்ளும். பலருக்குத் தெரியாத நல்ல வசதி.

அப்புறம், பெயர். அலுவலகத்தில் ஒரு கணினியின் ஃபோல்டரை மற்றவர்கள் திறப்பது மட்டும்தான் தேவை என்றால், ஐபி எண்ணுக்குப் பதில் கணினியின் பெயரை வைத்தே திறக்கலாம். எண் மாறினாலும் பெயர் மாறாது. கணக்கு மென்பொருள் அமைக்கும்போது பெயரை ஏற்கிறதா என்று முதலில் முயன்று பாருங்கள். ஏற்காவிட்டால் ஒதுக்குங்கள்.

## காசு கொடுத்து வாங்கும் ஸ்டாட்டிக் ஐபி வேறு

இந்தக் குழப்பத்தால் பணம் வீணாவதைப் பார்த்து எனக்குக் கவலையாக இருக்கிறது. இதுவரை பேசியதெல்லாம் வீட்டுக்குள் இருக்கும் முகவரி. 192.168 என்று தொடங்குவதும், 10 என்று தொடங்குவதும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் உள்வீட்டு முகவரிகள். 1996 பெப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 1918 அவற்றை அதற்கென்றே ஒதுக்கியது. தெகிவளையில் உங்கள் லெப்டொப்புக்கும் மருதானையில் என் லெப்டொப்புக்கும் ஒரே 192.168.1.10 இருக்கலாம், மோதாது. இதற்கு யாரும் காசு வாங்க முடியாது.

இன்டர்நெட் நிறுவனத்திடம் மாதக் கட்டணம் கட்டி வாங்கும் ஸ்டாட்டிக் ஐபி, உங்கள் வீட்டுக்கு வெளியுலகத்தில் இருக்கும் முகவரி. ரொறன்ரோவில் இருக்கும் மகன் கடைக் கமராவைப் பார்ப்பதற்கு அது வேண்டும் என்று கமரா பொருத்துகிறவர்கள் சிலர் சொல்கிறார்கள். இன்றைக்கு விற்கும் கமராக்களில் பெரும்பாலானவை செய்த நிறுவனத்தின் செயலி வழியாகவே வெளியிலிருந்து பார்க்க விடுகின்றன. அதற்கு ஸ்டாட்டிக் ஐபி தேவையில்லை. கமராவை நேரடியாக வெளியுலகுக்குத் திறந்து வைப்பது பாதுகாப்பும் இல்லை. உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது ரவுட்டரில் கதவு திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது.

## 169.254 கண்டால்

இது ஒரு தெரிவல்ல, நோயின் அறிகுறி. கணினி தானாக எடுக்கும் நிலையில் இருக்கிறது, குரல் கொடுத்தது, யாரும் பதில் தரவில்லை. ஆகவே தனக்குத்தானே 169.254 என்று தொடங்கும் ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டது. கேபிள் சரியாகக் குத்தவில்லை, ரவுட்டர் தொங்கிவிட்டது, முகவரி தீர்ந்துவிட்டது, இவற்றில் ஒன்றாகவே அநேகமாக இருக்கும். இதைக் கண்டு பயந்து கையால் எண் போடாதீர்கள். கேபிளைப் பாருங்கள், ரவுட்டரை அணைத்து ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். மற்ற எல்லாருக்கும் வருகிறது, புதிதாக வருகிறவருக்கு மட்டும் இல்லை என்றால் முகவரி எல்லையைப் பாருங்கள்.

## என்னிடம் கேட்டால்

வீடு: எல்லாம் தானாக. பிரிண்டர் அடிக்கடி காணாமல் போனால் அதை மட்டும் ரவுட்டரில் ஒதுக்குங்கள்.

டியூஷன் வகுப்பு, சாப்பாட்டுக்கடை போல ஆட்கள் வந்து போகும் இடம்: எல்லாம் தானாக, குத்தகை 2 மணி நேரத்துக்குள். உங்கள் பில் கணினியையும் கமராவையும் வாடிக்கையாளர் வைஃபையிலிருந்து பிரித்து வையுங்கள். ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் என்று இருப்பது அதற்காகத்தான்.

பத்துப் பதினைந்து பேர் இருக்கும் அலுவலகம்: கணினிகள் தானாக. பிரிண்டர், தரவுக் கணினி, கமராப் பெட்டி மூன்றையும் ஒதுக்குங்கள்.

பில் நின்றால் வியாபாரம் நிற்கும் கடை: இங்கே மட்டும் பில் கணினியிலும் பிரிண்டரிலும் கையால் போடச் சொல்வேன், எல்லைக்கு வெளியே, தனி ஸ்விட்சில். அதே எண்களை ரவுட்டரின் பக்கத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட வேண்டும். தாள் இல்லாவிட்டால் செய்யாதீர்கள்.

## தானாக எடுக்கும் நிலைக்குத் திருப்புவது

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், அதற்குள் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட். கேபிள் என்றால் ஈதர்நெட், இல்லாவிட்டால் வைஃபைக்குள் உங்கள் வைஃபையின் ப்ரொப்பர்ட்டீஸ். ஐபி அசைன்மென்ட் என்ற வரிக்கு எதிரே எடிட்டை அழுத்தி, மேனுவல் என்றிருப்பதை ஒட்டோமேட்டிக் டிஎச்சிபி என்று மாற்றிச் சேவ் கொடுங்கள். அதற்குக் கீழே டிஎன்எஸ் அசைன்மென்ட் என்றொரு வரி இருக்கும். அதையும் பாருங்கள், பழைய எண் அங்கே தங்கிவிடுவதுண்டு. மக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், நெட்வொர்க், டீட்டெய்ல்ஸ், டிசிபி ஐபி என்று போய் யூசிங் டிஎச்சிபி என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும்.

மாற்றுவதற்கு முன் அங்கே இருக்கும் பழைய எண்கள் நாலையும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பம்பலப்பிட்டியில் எட்டுக் கணினிகளைத் தானாக மாற்றினோம். ஒன்பதாவதில் கணக்கு மென்பொருளின் தரவு இருந்தது. அதன் பழைய எண் எடுத்து வைத்த படத்தில் இருந்தது. புது ரவுட்டரின் உள்முகவரியை முதலில் 192.168.1.1 என்று மாற்றி, அந்த எண்ணையே அந்தக் கணினிக்கு ஒதுக்கினோம். மற்றவர்களின் கணினியில் மென்பொருளைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.